அழுவறதுக்குத் தனி ரேட்டு

அந்தத் தாடிக்காரன்தான் தம்பி எங்குடும்பத்துல மண்ண அள்ளிப் போட்டவன். வேற யாரும் இல்ல. எவன் வந்து கேட்டாலும் இதான் சொல்லுவேன்... சிரிக்காத. சிரிக்காதன்றேன்ல? மொகத்தப் பாத்ததுமே கண்டுபுடிச்சிட்ட, இல்ல? "அந்தப் படத்துல ஒப்பாரி வெக்கிற அம்மாதானே நீங்க?" காலையிலேருந்து இதே பேச்சு. நடராஜரப் பாக்க வர்றவன் எல்லாம் என்னையும் ஒரு தடவ பாத்துட்டுப் போறான். போன உள்ள வையி. பருப்பு வாங்க வந்தவன் பருப்பப் பாரு. முழுப் பருப்பா, ஒடச்சதா? பாயசத்துக்கா? பாயசத்துக்கு ஒடச்சது போதுமே... சரி, சரி, முழுசே குடுக்கறேன். வெல கேக்காத, போட்டுட்டுச் சொல்றேன்.

எம்பேரு தைலம்மா. எம்பொண்ணு எழிலரசி தவழ்ந்த காலத்துலேருந்து இந்தக் கீழ வீதியில முந்திரி விக்கிறேன். அண்ணாகிராமத்துல தோப்புக்காரங்கிட்ட நேரா கொட்டைய எடுத்து, நானே ஒடச்சி, நானே தோலு உரிச்சி, நானே பஸ்ஸுல தூக்கிக்கினு வர்றேன். நடுவுல எவனுக்கும் கமிசன் கெடையாது. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்ல. ஆனா எவங்கிட்டயும் ஏமாந்ததும் இல்ல. அந்தத் தாடிக்காரங்கிட்டதான்... தொட்டுப் பாக்காத, கை ஈரம் பட்டா நமுத்துடும்.

எழிலுக்கு வர்ற வெள்ளிக்கெழம திருவந்திபுரத்துல கல்யாணம். பத்திரிக குடுத்தாச்சி, மண்டபம் புடிச்சாச்சி. தாய்மாமன்தான் வராதாம். எங்கூடப் பொறந்த அண்ணன், மணவாளன். முதுநகர்ல வெல்டிங் பட்டற வெச்சிருக்குது. தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டாம பொண்ண எப்பிடி மணவறையில ஒக்கார வெக்கிறது? மாப்ள வூட்டுல கேக்க மாட்டாங்க? கேட்டா என்னா சொல்றது? சினிமா பாத்துட்டுக் கோச்சிக்கினு போயிடுச்சின்னா?

நீயும் படத்தப் பாத்திருப்ப. பாத்ததாலதான இளிக்கிற. ஒரு பெரியவரு செத்துடறாரு. சம்பந்திங்க மூணு பேரு, எம்மாலையத்தான் பொணத்துக்கு மொதல்ல போடணும்னு அடிச்சிக்கிறானுங்க. அடிச்ச வேகத்துல பொணத்த வூட்டுலயே வுட்டுட்டு வெறும் பொட்டியத் தூக்கிக்கினு சுடுகாடு போயிச் சேந்துடறானுங்க. கொட்டாயே உருண்டு சிரிக்கிது. இதுல என்னா சிரிப்பு வேண்டிக் கெடக்குது? எங்க வூட்டுக்காரரு கருமாதியில இதுல பாதி நடந்துச்சி. எவனும் டிக்கெட்டு வாங்கிக்கினு வரல.

அண்ணாகிராமத்துல ஒரு பழைய வூட்டுலதான் எடுத்தாங்க. நான் கொட்ட எடுக்கப் போயிருந்தேன். ஏஜெண்டு ஒருத்தன் ஓடியாந்து, "எழவு வூட்டுல ஒக்காரப் பொம்பளைங்க வேணும், வர்றியாக்கா?"ன்னான். எவ்ளோன்னேன். சொன்னான். அது ஒக்காருறதுக்கு, அழுவறதுக்குத் தனி ரேட்டுன்னேன். முழிச்சான். என்னாய்யா முழிக்கிற, கண்ணீரு என்னா கொழாயிலயா வருதுன்னேன். ஒத்துக்கினான். பிரியாணியும் ஒரு பொட்டலம் ஜாஸ்தியா வாங்கிக்கினேன்.

அப்பறம் தாடிக்காரன் வந்தான். டைரட்டரு. மரியாதையான புள்ளதான், பொய் சொல்லக் கூடாது. "அம்மா, நீங்க சும்மா அழுதாப் போதும்"ன்னான். சும்மான்னா? பேரு சொல்லாம, மொற சொல்லாம அழுவறது ஒரு அழுகையா? சளி புடிச்சவன் மூக்க உறிஞ்சற மாரி இருக்கும். பேரச் சொல்லி அழுவறேன், அதுக்கும் தனியா குடுத்துடுன்னேன். சிரிச்சிக்கினே சரின்னுட்டான். பேரம் பேசாம ஒருத்தன் சரின்னா அப்பவே நான் சுதாரிச்சிருக்க வாணாம்?

ஒக்காந்தேன். ஐஸ் பொட்டியில எவனோ நடிகன், மூக்குல பஞ்ச வெச்சிக்கினு நெசமாவே கொறட்ட வுடறான். எனக்கு எங்க வூட்டுக்காரரே கெடக்கற மாரி ஆயிடுச்சி. மாருல அடிச்சிக்கினு எடுத்தேன் பாரு...

"பொறந்த வூட்டுக் கோடின்னு
பொதிஞ்சிக் கொண்டு வந்தாயே,
நாங்குடுத்த நீலப்பொடவ
எனக்கே கொண்டு வந்தாயே,
எங்கண்ணே மணவாளா!"

பாத்தியா, இங்கியே சிரிக்கிற! இதே எடத்துலதான் கொட்டாயும் சிரிச்சிதாம்.

அது நெசம் தம்பி. கட்டுனவன் போயிட்டா, பொறந்த வூட்டுலேருந்து புதுப்பொடவ கொண்டாந்து போத்தணும். அதான் கோடி. அண்ணனும் கொண்டாந்து போத்துச்சி. நான் குனிஞ்சி அழுவறேன். அழுதுக்கினே முந்தானையப் பாக்கறேன்... மயில்கழுத்து நீலம். எங்கியோ பாத்த பொடவையாச்சே! யோசிச்சா, அண்ணன் வூடு கட்டிக் குடி போனப்ப எங்கண்ணி மங்கலத்துக்கு நான் வெச்சிக் குடுத்தது! ஒரு தடவகூடக் கட்டாம பீரோவுல வெச்சிருந்து எந்தலையிலயே போட்டுட்டா. அண்ணனுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆம்பளைக்கிப் பொடவயப் பத்தி என்னா தெரியும்?

என்னாது? ஒரே மாரிப் பொடவ ரெண்டு இருக்காதான்னா கேக்கற? இருக்கும். ஆனா நான் குடுத்ததுல, கரை ஓரமா நாலு வெரல் நீளத்துக்கு இழ வுட்டுப் போயிருக்கும். எனக்குத் தெரியாதா? அதக் காட்டித்தானே கடைக்காரங்கிட்ட பாதி வெலைக்கி அடிச்சி வாங்குனேன்.

...என்னா அப்பிடிப் பாக்கற? அந்தப் பக்கத்த உள்ள மடிச்சித்தான் குடுத்தேன். மடிச்சாத் தெரியாது. அது வேற, இது வேற. குடி போறது நல்ல காரியம், நூறு பேரு நூறு பொடவ வெக்கிறாங்க, அதுல ஒண்ணுல இழ போனா வூடு இடிஞ்சா வுழும்? கோடி அப்பிடியா? நீ கண்ணாலம் ஆவாத புள்ள, உனக்கு எங்க தெரியப் போவுது.

படம் வந்த அன்னிக்கி அண்ணன் பட்டறையப் பூட்டிட்டுதாம். எந்தங்கச்சி சினிமாவுல நடிச்சிருக்குதுன்னு, வேல செய்யிற பசங்க, பக்கத்துக் கடைக்காரன், எல்லாத்தையும் கூட்டிக்கினு போயிருக்குது. வாசல்லியே முட்டாயி குடுத்துச்சாம் தம்பி... முட்டாயி. நான் வர்றப்ப மொத விசிலே அதுதான் அடிச்சிதாம். அப்பறம் அதும்பேரு வந்துச்சி.

இப்ப முதுநகர்ல "பழம்பொடவ மணவாளன்"னாத்தான் பட்டறைக்கு வழி சொல்றான். பத்திரிக வெக்கப் போனேன். அண்ணி வாசப்படியிலயே நின்னுக்கினு, "அவுரு இல்ல"ன்னா. செருப்பு வெளிய கெடக்குது, உள்ள அது இருமுறது கேக்குது. எனக்கு அந்த இருமலு தெரியாது? தாம்பாளத்த அங்கியே வெச்சிட்டு வந்துட்டேன்.

தாடிக்காரன் ஆபீசுக்குப் போன் போட்டேன். பேர மட்டும் மாத்திடு, மணவாளான்ற எடத்துல பக்கிரின்னு போட்டுக்கோன்னேன். எவனோ ஒருத்தன், படம் வெளிய வந்துடுச்சிம்மா, ஒண்ணும் பண்ண முடியாதுன்றான். சரக்கு மோசமாப் போனா நான் திருப்பி எடுத்துக்கல? அவன் எடுக்க மாட்டானாம்!

ஏந்தம்பி... உம்போன்ல பேசினா அவனுக்குப் போயிச் சேருமா? ஊரே பாக்குமா? அண்ணனும் பாக்குமா? அப்ப எடு. ம், எடுன்றேன். காசா? உங்கிட்ட ஒண்ணும் வாணாம். இரு, முந்தானைய இழுத்து வுட்டுக்கறேன். ஓடுதா?

யோவ் தாடி. நல்லாக் கேட்டுக்க. எங்கண்ணன் தங்கம். எங்கப்பா போனப்பறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதும்பேர எடுத்துடு. நான் வாங்குன காசத் திருப்பித் தர்றேன், அழுததுக்கும் சேத்து. அண்ணே, நீயும் பாக்கறியா? வெள்ளிக்கெழம விடியறதுக்குள்ள வந்துடுண்ணே. எழிலு உன்னத்தான் கேக்குது. சீரு செனத்தி ஒண்ணும் வாணாம், வெறுங்கையோட வா... இல்ல, தாய்மாமன் வெறுங்கையோட வந்தா நாலு பேரு பேசுவான். ஒரே ஒரு பொடவ எடுத்துக்கினு வா. கடையில எடு. பீரோவுல எடுக்காத! அண்ணி கையில பொறுப்பக் குடுத்துடாத! கரை ஓரத்தப் பிரிச்சி வெளிச்சத்துல பாத்துட்டு...

தம்பி, நிறுத்து. நிறுத்து! இத அழிச்சிட்டு மொதல்லேருந்து எடு. என்னாது, அழிக்க முடியாதா? லைவ்வா? அப்பிடின்னா? நான் பேசப் பேசப் போயிக்கினே இருக்குதா? பட்டறைக்குமா?... அடப்பாவி, சொல்லித் தொலைக்க மாட்டியா?

இன்னமும் ஓடுதா? அப்ப எம்பக்கம் திருப்பு. எங்க நழுவற, பருப்ப அப்பறம் வாங்கிக்கலாம், நில்லு. அண்ணே, கேட்டது கேட்டுட்ட. வா. வந்து எழிலுக்குப் பட்டத்தக் கட்டு. கட்டிட்டு, மண்டபத்து நடுவுல நின்னுக்கினு எவ்ளோ வேணாலும் என்னத் திட்டு. நான் அழுவறேன். அதுக்கு ரேட்டுக் கேக்க மாட்டேன்.