பதினான்காம் எண் பேருந்தின் பிரேக்

எனக்குப் பிள்ளைகள் என்றால் பிரியம். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் சார்.

அலபாமாவில் எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துப் பட்டறைக்கு நான்தான் மேஸ்திரி. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பதிமூன்று வண்டிகள் ஓடின. கறுப்பர் பிள்ளைகள் நடந்து போவார்கள். எட்டு மைல் நடப்பவர்களும் உண்டு. எங்கள் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வரும்போது சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நிற்பார்கள். எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அவர்களில் வீடு வீடாகத் துணி வெளுத்துக்கொடுக்கும் ஒடெசா ப்ரூயிட் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. மாதாமாதம் வண்டி கேட்டு மனுக் கொடுத்தாள். நான்காவது வருடம், 1949இல், தொல்லை தாங்காமல் நாங்கள் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை அவர்களுக்கு விட்டார்கள். அதுதான் பதினான்காம் எண்.

ஓட்டுநர் லூசியஸ் பீல். போரில் ராணுவ லாரிகளைப் பழுது பார்த்தவன். அக்டோபரில் பட்டறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில்தான் வைத்திருந்தான். அதில் குறை சொல்ல முடியாது. பிரேக்கை மிதித்தால் பெடல் அடிவரை இறங்குகிறது என்றான். பிரேக் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும், எடுத்துவிட்டு ஓட்டு என்றேன்.

"எடுத்துப் பாத்துட்டேங்க மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். வெளிய ஒரு சொட்டு கசியல. மாஸ்டர் சிலிண்டர் உள்ளாறதான் போயிருக்கு. புதுசு ஒண்ணு அந்தத் தட்டுல இருக்குதுங்களே. குடுத்தா நானே மாட்டிக்கிறேன்."

அவன் சொன்னது சரிதான். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிப் பிரேக்கைப் பிடிக்க வைப்பது அந்தச் சிலிண்டர்தான். என்னிடம் வேலை பார்த்த டாய்ல், "மேஸ்திரி, இனிமே இவன்கிட்டதான் நீங்க தொழில் கத்துக்கணும் போல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. அது எங்கள் பிள்ளைகளின் வண்டிக்கு வைத்திருப்பது, நீ பெடலை இரண்டு தரம் மிதித்து ஓட்டு என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பரில் மறுபடி வந்தான். அப்புறம் குறையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தான். தாளை அடுப்பில் போட்டேன். இந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்றான்.

"அப்ப சாவியக் குடுத்துட்டுப் போ. இன்னொரு வண்டி உங்களுக்கு ஜென்மத்துக்கும் வராது. ஒடெசாகிட்ட நீயே சொல்லிக்க."

 சாவியோடு போய்விட்டான்.

டிசம்பர் ஆறாம் தேதி காலை, ஓடைப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் வண்டி நிற்கவில்லை. ஓடையில் வெள்ளம். ஒன்பது பிள்ளைகள் செத்தார்கள். ஒடெசாவின் மகள் பெர்னீஸும் அதில் ஒருத்தி, பதினொரு வயது.

வண்டியை இழுத்து என் பட்டறையில்தான் விட்டார்கள். மறுநாள் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், தட்டிலிருந்த புது சிலிண்டரை எடுத்து அதில் மாட்டினேன். மேலே கொஞ்சம் சேறு பூசினேன். சோதிக்க வந்தவர் பெடலை மிதித்தார். கல் மாதிரி நின்றது. ஓட்டியவனின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டு ஜூரிகளும் எங்கள் ஆட்கள். லூசியஸுக்குப் பதினைந்து வருடம் கிடைத்தது. நான்காவது வருடம் சிறையில் கல் உடைக்கும் இடத்தில் செத்தான்.

தீர்ப்பன்று நீதிமன்ற வாசலில் ஒடெசா என் எதிரே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"நீ என்னமோ பண்ணியிருக்க. என்னன்னுதான் தெரியல. தெரியிற வரைக்கும் நான் சாவ மாட்டேன்."

நீ என்றாள், என்னை. அத்தனை பேர் பார்க்க.

இப்போது டாய்ல் வாயைத் திறந்துவிட்டான், அவள் உங்களை அனுப்பியிருக்கிறாள். மறைக்க ஒன்றும் இல்லை. சிலிண்டரைக் கொடுக்காதவன் நான். செத்த வண்டியில் அதை மாட்டியவனும் நான். ஆனால் அந்த ஜனங்கள் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததே கிடையாது. லூசியஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தால், அன்றைக்கே கொடுத்திருப்பேன். பிள்ளைகளை நினைத்தாவது அவன் அப்படிக் கேட்டிருக்கலாம்.