ஒரே கம்பத்தில் இரண்டு தட்டிகள்

சேற்றில் கால் வைத்து ஊருக்குச் சோறு போடும் விவசாயிகள் சங்கத்தின் தலைவர், விழாத் தலைவர், பெருமதிப்புக்குரிய ஐயா நீலகண்டன் அவர்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! பால் கறந்து, பாத்திரம் கழுவி, பந்தலுக்கும் வந்து சேர்ந்துவிட்ட தாய்மார்களே! நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் கால்நடை மருத்துவ நண்பர் செந்தில்குமார் அவர்களே! பந்தலுக்கு வெளியே, மரத்தடியில், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒருவரே! உங்கள் அனைவருக்கும் கால்நடை மருத்துவர் இளவேனிலின் வணக்கம்.

என்னைப் பாராட்ட அழைத்தீர்கள். மகிழ்ச்சியோடுதான் வந்தேன். ஆனால் உங்கள் பூவம் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்பத்தைக் கண்டேன். அதில் இரண்டு தட்டிகள். மேல் தட்டியில் என் படம். 'பறவைக் காய்ச்சலை விரட்டிய டாக்டரே வருக' என்று வரவேற்பு. படத்தில் என்னை என்னைவிடச் சிவப்பாக்கியிருக்கிறீர்கள், அதை மன்னித்துவிட்டேன். கீழ்த் தட்டியில் என்ன எழுதியிருக்கிறது? 'இவ்வூர் வயல்களில் வாத்துப் பட்டி இறக்க அனுமதி இல்லை.' இதை நான் மன்னிக்கவில்லை. அதனால்தான் தலைவர் பொன்னாடையைப் பிரித்தபோது, "கொஞ்சம் இருங்க ஐயா, அது மடிப்பிலேயே இருக்கட்டும்" என்றேன்.

சென்ற தை மாதத்தை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்த வயல். சிந்திய நெல், சேற்று நத்தை. ஆண்டுதோறும் வருவதுபோல், ஊர் ஊராக வாத்து மேய்க்கும் இளையபெருமாள் தன் வாத்துப் பட்டியோடு வந்து இறங்கினார். வாத்துக்குத் தீனி, உங்கள் வயலுக்கு எரு. வாத்துக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பட்டியில் வாத்துகள் சாக ஆரம்பித்தால், வயல்காரர் கண்ணில் படுவதற்குள் பட்டியைக் கலைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள்? அவர்கள் கெட்டவர்களா? இல்லை. வாயைத் திறந்தால் ஊர் திட்டும், ஊர் விரட்டும், ஊர் அடிக்கவும் வரும் என்ற அச்சத்தில் ஓடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நோயும் ஓடுகிறது.

அன்று காலை அம்பகரத்தூரில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

"டாக்டரம்மா, இளையபெருமாளுங்க. போன வருசம் நம்ம வாத்துக்கு ஊசி போட்டீங்கல்ல. இப்ப தலைய ஒரு பக்கமா திருகிக்கிட்டு சுத்திச் சுத்தி வருதுங்க. கண்ணு பால் பூத்த மாதிரி இருக்கு. காலையில நெறையா செத்துக் கெடக்கு."

"எங்க இருக்கீங்க?"

"பூவத்துலதாங்க. எம் மச்சான் கலைச்சிக்கிட்டு பாலத்தத் தாண்டிடலாங்குறாரு. என்ன செய்யட்டும் சொல்லுங்க."

"நான் வர்ற வரைக்கும் ஒரு வாத்துகூட நகரக் கூடாதுங்க. செத்தத யாரும் தொடக் கூடாது."

அவர் ஒரே ஒரு சொல் சொன்னார்: "நிக்கிறேங்க."

நின்றார்! மச்சான் திட்டியும் நின்றார். மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று தெரிந்தும் நின்றார்.

நான் வந்தேன், மாதிரி எடுத்தேன், காரைக்கால் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். அப்போதே செந்தில்குமாரையும் அழைத்தேன். பாலம்தான் மாநில எல்லை; அவர் வேறு அரசு, நான் வேறு அரசு. அதனால் என்ன? வாத்துக்கு வாக்காளர் அட்டை உண்டா? கொக்கு பாலத்தில் நின்று அனுமதி வாங்கிக்கொண்டா பறக்கிறது? அந்தப் பக்கத்து மனிதர்கள் பாலம் தாண்டி இந்தப் பக்கம் எந்தக் கடையைத் தேடி வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை... முன்வரிசை சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் தெரியும்!

போபால் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல். பட்டி முழுவதையும் அழித்தோம். உயிர் காக்கப் படித்த கை இது. அன்று இந்தக் கையால் உயிரெடுத்தேன்; கவச உடைக்குள் அழுதேன். இளையபெருமாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த ஊருக்குப் போகலையேங்க?" போகவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்.

யாரம்மா அங்கே எழுந்தது? சொர்ணாம்பாள் அம்மாவா? சொல்லுங்க. "எங் கோழியெல்லாம் போச்சுல்ல!" என்கிறீர்கள். போயிற்று. நோய் பரவாமலிருக்கச் சுற்றுவட்டாரக் கோழிகள் அத்தனையையும் அழித்தோம், உங்கள் கோபம் நியாயம். அந்த நோய் பட்டியில் வந்ததா, வானத்தில் பறந்து வந்ததா? எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று தெரியும். அன்று உங்கள் வீட்டில் சுருண்டு விழுந்த கோழியை அறுத்துக் குழம்பு வைக்கக் கத்தியோடு உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் பேத்தி. நான் வாசலில் வந்து நின்று தடுத்தேன். என்னை அங்கே அனுப்பியது எது? அவருடைய அந்த ஒரு அழைப்பு!

மாடு பேசாது. ஆடு பேசாது. வாத்து கத்தும், எனக்குக் காய்ச்சல் என்று கத்தாது. எத்தனை கொட்டிலை நான் ஒருத்தி பார்ப்பேன்? எத்தனை பட்டியை நான் ஒருத்தி எண்ணுவேன்? நோயை நான் கண்டுபிடித்தேன் என்கிறீர்கள். முதலில் கண்டவர் அவர், முதலில் சொன்னவர் அவர். எனக்குக் கண்ணும் நீங்கள், காதும் நீங்கள். கண்ணைக் குத்திவிட்டுக் கைக்குப் பொன்னாடை போர்த்தினால் எப்படி?

நான் பட்டினச்சேரி மீனவர் வீட்டுப் பெண். ஆழ்கடலில் ஒரு படகு புயலைக் கண்டால், வயர்லெஸ்ஸில் எல்லாப் படகுக்கும் சொல்லும். புயலில் வலை போனவர்கள் எல்லாம் சேர்ந்து, சொன்ன படகைக் கரையேற விடமாட்டோம் என்று நின்றால், அடுத்த புயலை யார் சொல்வார்கள்? அந்தத் தட்டியைப் பார்க்கும் எந்த வாத்துக்காரர் இனி எனக்குப் போன் செய்வார்? ஓடுவார். ஓடத்தான் செய்வார்.

வாத்து, கோழி வளர்க்க அரசு போட்டிருந்த தடை இன்று நீங்கிவிட்டது. அவருடைய புது வாத்துகளை நானே சோதித்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. பாலத்துக்கு அப்பால் அவை காத்திருக்கின்றன; மரத்தடியில் அவர் காத்திருக்கிறார். எனக்குப் பொன்னாடை வேண்டாம், அவருக்கு ஒரு வயல் வேண்டும். முடியாதென்றால் கீழ்த் தட்டியோடு என் தட்டியையும் இறக்கிவிடுங்கள். அவரை விரட்டிய கம்பத்தில் என் முகம் இருக்க வேண்டாம்!

என்னம்மா, மறுபடியும் எழுந்துவிட்டீர்கள்? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"வாய்க்கா ஓரமா எங்க வயல் சும்மாதான் கெடக்கு. மொதல்ல அங்க எறக்கச் சொல்லுங்க. வாத்து சொணங்குனா எங்கிட்டயும் சொல்லணும், ஆமா!"

கேட்டீர்களா? கோழியைப் பறிகொடுத்தவர் சொல்கிறார்! தலைவர் எழுந்துவிட்டார், தட்டியைக் கழற்ற ஆளும் புறப்பட்டுவிட்டார். தம்பி, கீழே இருப்பது மட்டும்! மேலே இருக்கும் படம் இருக்கட்டும், நிறம் நன்றாகத்தான் இருக்கிறது.

இளையபெருமாள் அண்ணே, உள்ளே வாங்க. அன்று நீங்கள் நின்றீர்கள், இன்று இந்த ஊர் உங்களோடு நிற்கிறது. தலைவரே, இப்போது அந்தப் பொன்னாடையைப் பிரித்து அண்ணனுக்குப் போர்த்தலாம். பயந்தும் ஓடாமல் நின்றவருக்கும், இழந்தும் இடம் கொடுத்த தாய்க்கும், பொறுமையாகத் திட்டு வாங்கிக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.