கயிற்றைத் தாண்டுகிறவர்

— ...இல்ல இல்ல, கையை எடுங்க. படத்து மேல ஈயம் சொட்டிடப் போகுது.

— சொட்டினா சொட்டட்டும். முப்பது வருஷத்துப் படம், இனிமே என்ன கெட்டுப்போகப் போகுது?

— கெட்டுப்போகக் கூடாது. பெரிசு பண்ணி குதிரை மைதானத்து ஹால்ல மாட்டப் போறாங்க. கீழ ஒவ்வொருத்தர் பேரும் வரணும். அந்தப் பொறுப்பு என் தலையில.

— குதிரைக்கு ஊசி போடற டாக்டர் தலையில இதைக் கட்டினது யாரு?

— யாரும் கட்டல. நானாக் கேட்டு வாங்கிக்கிட்டேன். அந்தச் சூட்டுக்கோலை ஓரமா வைங்கய்யா.

— வெச்சாச்சு. ஆனா ஒண்ணு டாக்டரம்மா, இந்தக் குழாய் ஸ்பீக்கரை சாயங்காலத்துக்குள்ள கொடுத்தாகணும். சட்டுபுட்டுனு கேளுங்க.

— தொப்பி போட்டிருக்கிறவர்?

— அன்னிக்குக் குதிரைப் போட்டிக்கு ஜட்ஜ். வேற யாரு வாயை அவ்வளவு பெரிசாத் திறப்பா? குதிரையே உள்ள போயிட்டு வரலாம்.

— மணல்ல குப்புறக் கெடக்கிறவர்?

— பேக்கரிக்காரர் மகன். தடையைத் தாண்டற நேரத்துல சேணப் பட்டை அறுந்து, ஆளு ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம். இன்னிக்குக் கேட்டாலும், "விழல, நானா இறங்கினேன்"னு சொல்வான்.

— எங்கிட்டயும் அதேதான் சொன்னார்!

— அவனையும் போய்ப் பாத்தீங்களா?

— படத்துல இருக்கிற எல்லாரையும் பாத்துட்டேன். கடைசியாத்தான் உங்க கடைக்கு வந்திருக்கேன். குடை பிடிச்சிருக்கிற அம்மா?

— பல் டாக்டர் சம்சாரம். குடையைப் பாருங்க, குதிரை வந்தா குடையால தடுத்துடலாம்னு நிக்கிறாங்க.

— ட்ரம்பெட் ஊதறவர்?

— தையல்காரர். உலகமே அலறுது, மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு ஊதிட்டிருக்கான்!

— குதிரை?

— சுருட்டு. கறுப்பா, நீளமா... எப்பவும் புகை விடற மாதிரி புஸ் புஸ்னு மூச்சு விடும். யாரு கண்டா, இப்படிக் கூட்டத்துக்குள்ள பாயும்னு.

— பயம்யா. கண்ணைப் பாருங்க, வெள்ளை மட்டும்தான் தெரியுது. அறுந்த பட்டை தொங்கித் தொங்கிப் பின்னங்கால்ல அடிக்குது. ஓடாம என்ன பண்ணும்? எனக்கு அது மேல கோபமே வந்ததில்ல.

— உங்களுக்கு எதுக்குக் கோபம் வரணும்?

— இங்க, கூட்டத்தைத் தடுக்கக் கட்டின கயித்து ஓரமா, மஞ்சக் கவுன் தெரியுதா? குதிரை நேரா வருது, ஓடத் தெரியாம நிக்குதே ஒரு பொண்ணு...

— ...ம்.

— அது நான்.

— இப்ப நல்லாத்தானே இருக்கீங்க? அப்புறமென்ன... அந்தத் திருப்புளியை இப்படித் தள்ளுங்க.

— தள்ள மாட்டேன். இவர் யாரு?

— எவரு?

— கயித்தைத் தாண்டறவர். ரெண்டு காலும் தரையில இல்ல. வெள்ளைச் சட்டை. முதுகு மட்டும்தான் தெரியுது.

— முதுகைப் பாத்து ஆளைச் சொல்ல நான் என்ன தையல்காரனா? அவன்கிட்டயே கேளுங்க.

— கேட்டேன். உங்ககிட்ட அனுப்பினதே அவர்தான்.

— அவனுக்கு வேற வேலை இல்ல... அது வந்து... சுருட்டை வளத்த குதிரைக்காரரோட தம்பி. செத்துப் போயிட்டான்.

— குதிரைக்காரருக்குத் தம்பியே கிடையாது. எல்லாரும் அக்காங்க. அவர் வீட்டுல உட்காந்து விசாரிச்சுட்டுதான் வரேன்.

— அப்போ ஐஸ் விக்கிறவன்.

— ஐஸ்காரர் இதோ, பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்.

— அவனுக்குப் பெட்டி முக்கியம்ல.

— ஐயா...

— எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் மேடையில இருந்தேன். அந்தக் காலத்துல எந்தக் கூட்டம்னாலும் மைக்கு நான்தான். அங்கேர்ந்து பாத்தா வெறும் தூசிதான் தெரியும்.

— மேடை படத்தோட இந்த ஓரத்துல தெரியுது. மைக் நிக்குது. ஆளைக் காணோம்.

— தண்ணி குடிக்கப் போயிருப்பேன்.

— குதிரை கூட்டத்துக்குள்ள பாயறப்பவா?

— தாகம் நேரம் பாத்தா வரும்? இருங்க, போன் அடிக்குது... ஹலோ. ஆமா. ஆயிடும். ஆயிடும்னு சொல்றேன்ல... டாக்டர் ஒருத்தர் வந்திருக்காங்க... எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவங்க குதிரை டாக்டர்... சரி வை. பாத்தீங்களா, ஸ்பீக்கருக்குப் பறக்கறான். இன்னொரு நாள் வாங்களேன்.

— வர மாட்டேன். இன்னிக்கே.

— கடையைச் சாத்தணும்.

— சாத்துங்க. நான் உள்ளேயே உட்காந்திருக்கேன்.

— சரியான பிடிவாதம்மா உங்களுக்கு!

— உதைக்கிற குதிரைங்களோட பழகினா தானா வந்துடும். கேளுங்க. இந்தப் படம், பழைய போட்டோ ஸ்டுடியோவைக் காலி பண்றப்ப போன மாசம்தான் கிடைச்சுது. மைதானத்துச் சங்கத்துல எல்லாரும், "கயித்தைத் தாண்டறவருக்குப் பேர் தெரியாதவர்னு போட்டுடலாம்"னாங்க. நான் ஒத்துக்கல. அந்த ஒரு பேரு இல்லாம படம் சுவரேறாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— என் தலையைப் பாருங்க. பளபளன்னு இருக்கு. படத்துல இருக்கிறவனுக்கு எவ்வளவு முடி!

— உங்களைப் பத்தி நான் இன்னும் பேச்சே எடுக்கலையே?

— ...எடுப்பீங்கன்னு சொன்னேன்.

— எடுத்துட்டா போச்சு. தையல்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாரும் வில..."ன்னு மைக்ல சத்தம் கேட்டுச்சாம். அதோட நின்னுடுச்சாம்.

— கண்ணை மூடிக்கிட்டு ஊதினவனுக்குக் காது மட்டும் எப்படிக் கேட்டுச்சாம்?

— கண்ணை மூடினதாலதான் கேட்டுச்சாம்.

— கரண்டு போயிருக்கும்.

— கரண்டு போகல. மைக்குக்காரர் போயிட்டார். சொல்ல வந்ததைப் பாதியில விட்டுட்டு, மேடையிலேர்ந்து குதிச்சு, கயித்தைத் தாண்டி... இந்த முதுகு உங்களோடதுதானே?

— விட மாட்டீங்க... சரி. ஆமா. நான்தான். போதுமா?

— போதாது. இத்தனை வருஷம் ஏன் சொல்லல? என்னைக் காப்பாத்தினவர் யாருன்னு எங்கப்பா பேப்பர்ல போட்டுத் தேடினார். தெருத் தெருவா விசாரிச்சார். போறப்பகூட, "அந்த மனுஷன் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னுதான் போனார்.

— பேப்பரைப் பாத்தேம்மா. மடிச்சு வெச்சுட்டேன்.

— ஏன்?

— என் பேரைப் போடாதீங்க. யாரோ ஒருத்தர்னு போட்டுடுங்க. உங்களைக் கேட்டுக்கறேன்.

— முடியாது.

— அதுக்கு நான் லாயக்கு இல்ல.

— குதிரைக் காலடியில பாஞ்சு என்னைத் தூக்கினவர் லாயக்கு இல்லன்னா வேற யாரு லாயக்கு? ஐஸ் பெட்டியா?

— சிரிக்க வைக்காதீங்க. காரணம் இருக்கு.

— சொல்லுங்க. நான் எழுந்திரிக்கப் போறதில்ல.

— எனக்கும் ஒரு பொண்ணு. அன்னிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவளுக்கும் மஞ்சக் கவுன். மேடையிலேர்ந்து பாக்கறேன், தூசிக்குள்ள மஞ்சளா ஒரு முதுகு. அவ்வளவுதான். எப்படிக் குதிச்சேன், எப்படி ஓடினேன், ஒண்ணும் தெரியாது. வாரித் தோள்ல போட்டுக்கிட்டு மேடைக்குப் பின்னால போய்த்தான் நின்னேன். இறக்கி விட்டுப் பாத்தா... வேற முகம்.

— என் முகம்.

— "ஐயோ, இது இல்லையே"ன்னு நெனச்சேம்மா. ஒரு கொழந்தை உசுரோட எதிர்ல நிக்குது, எனக்கு வந்த நெனப்பு அது. உங்களை அங்கேயே விட்டுட்டு என் பொண்ணைத் தேடி ஓடிட்டேன்.

— கிடைச்சாளா?

— கிடைச்சா. மேடைக்கு அடியில, வயர்ச் சுருள் மேல தலையை வெச்சுத் தூங்கிட்டிருந்தா. குதிரை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

— அடிச்சீங்களா?

— முதுகுல ஒண்ணு வெச்சேன். அவ முழிச்சுப் பாத்து சிரிச்சா. நான்தான் அழுதேன்... இப்ப சொல்லுங்க. அது ஊரான் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா குதிச்சிருப்பேனா, மைக்லயே கத்திக்கிட்டு நின்னிருப்பேனா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல. நான் காப்பாத்த ஓடினது என் பொண்ணை. நடுவுல நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க. அதுக்கு எதுக்கும்மா நன்றி? சுவத்துல எதுக்குப் பேரு?

— இதான் காரணமா?

— இதான். இதை உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாமத்தான், குதிரைக்காரருக்கு ஒரு தம்பியைப் பெத்துக் கொடுத்தேன்.

— இது எனக்கு முன்னாலேயே தெரியும்யா.

— எது?

— நீங்க தூக்கினது என்னை இல்லன்னு.

— நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்லையே! என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாதும்மா. உங்களுக்கு எப்படி...

— தூக்கிட்டு ஓடறப்ப, "சிட்டு, அழாதடா சிட்டு, அப்பா இருக்கேன்ல"ன்னு என் காதுலயேதான் சொல்லிட்டு வந்தீங்க. நான் சிட்டு இல்லன்னு தெரிஞ்சா கீழ போட்டுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு, இறக்கி விடற வரைக்கும் நான் வாயைத் திறக்கவே இல்ல.