துப்பட்டாவை அறுத்த புதுக் கத்தி

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். எனக்குப் படிப்பு குறைவு. இது பிறர் பேச்சும்கூட. லாலாகுடாவில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் இருந்தது.

“புதுக் கத்தி முதல்ல அம்மன் முன்னால எலுமிச்சம்பழத்தைத்தான் வெட்டணும்னு சொன்னேன். கடைசில நானே எலுமிச்சம்பழம் ஆயிட்டேன்,” என்றாள். குரல் கம்மியிருந்தது.

“சும்மா இரு. துப்பட்டாவைத்தானே அறுத்தேன்?”

“பைக் நின்ன பிறகும் சக்கரத்துல சுத்தின துணி கழுத்தை விடலியே. எனக்குக் கண்ணே இருட்டிடுச்சு. ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு, அந்த மடக்குக் கத்தியை எப்படிங்க இன்னொரு கையால திறந்தீங்க? வாங்கின அன்னிக்கு ரெண்டு கையாலயும் திறக்க வரலியே!”

“பூஜை வரைக்கும் எதையும் வெட்ட நக்கோ, வேணாம்னு நீதானே சொன்னே? வேற என்ன பண்றது? தினம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிவி முன்னால உக்காந்து திறந்து திறந்து மூடினேன். இளகிடுச்சு.”

“டக்கு டக்குன்னு என் உயிரை வாங்காதீங்கன்னு திட்டினேனே.”

“ஹவ், ஆமா, தினமும் திட்டினே.”

அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, மடித்தபடியே கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“அந்தச் சத்தத்துல அம்மன்தாங்க இருந்திருக்கா.”

நான் கேட்டது இவ்வளவுதான். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் பேசியதை அப்படியே சொல்லுங்கள். ஒரு சொல்லும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.