அருந்ததிக்குத் தைத்த கவுன்

பழைய வெல்வெட்டில் ஊசி லேசில் ஏறாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தையல் தெரியாதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பதினாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கே மூன்று ஊசி உடைந்தது.

நார்தம் ரோட்டில் கடலைப் பார்த்து நிற்கிறதே, அந்தப் பழைய மாளிகை, அங்கே கிறிஸ்துமஸ் வாரத்தில் விருந்து நாடகம் போடுவதென்று எங்கள் நாடகக் குழுவில் முடிவு செய்தார்கள். எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்து வீடு மாதிரி. மெழுகுவர்த்தி, சூப், வான்கோழி, பிளம் புடிங். விருந்தாளிகள் சாப்பிடச் சாப்பிட, மேசைகளுக்கு நடுவிலேயே நாடகம் நடக்கும். அந்த வீட்டு மகளாக நடித்தது என் தங்கை அருந்ததி. உடைகளுக்கு நான் பொறுப்பு.

மாடியில் கழற்றிப் போட்டிருந்த சன்னல் திரைகளை எடுத்துத்தான் அவள் கவுனைத் தைத்தேன். ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்னால் மாட்டியவை என்று காவலாளி ஷேக் அலாவுதீன் சொன்னார். “டீச்சர், நல்லா உதறிட்டுத் தைங்க லா. ஒரே தூசி,” என்றார். உதறினால் துணி கிழிந்துவிடும் என்றேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அருந்ததிக்குத் தொய்வு. நீங்கள் ஆஸ்துமா என்று எழுதிக்கொள்ளுங்கள். தூசி அவளுக்கு ஆகவே ஆகாது. சின்ன வயதிலிருந்து அவளுடைய மெத்தை உறையை வாராவாரம் வெந்நீரில் துவைத்தவள் நான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். விநாசித்தம்பி, ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று எங்கள் ஆட்களிடையே பெயர். எனக்கு இருபத்து மூன்று வயதில் சம்பந்தம் பேச வந்தார்கள். ஏழு வயதில் எனக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு வரவேயில்லை. அப்பா அதை அவர்களிடம் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களிடமும் சொன்னார். மூன்றாவது வீட்டார் காப்பிகூடக் குடிக்கவில்லை. இப்போது எனக்கு முப்பத்தெட்டு.

போன செப்டம்பரில் அருந்ததியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஏரம்பமூர்த்தி பிறைப் பட்டணத்துத் தொழிற்சாலையில் எஞ்சினியர். தங்கமான பிள்ளை. அவருடைய அம்மா யோகம்மா கேட்டார், “பிள்ளைக்கு நோய்நொடி ஒண்ணும் இல்லையே?” அப்பா தொண்டையைச் செருமினார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லைம்மா.”

நான் அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துக்கொண்டு நின்றேன். வடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். “உன் விஷயத்துல சொல்லித்தானேம்மா இப்படி ஆச்சு. அவளாவது நல்லா இருக்கட்டும்,” என்றார். இனி வெளியாட்கள் முன்னால் தொய்வு என்ற பேச்சே எடுக்கக்கூடாது, இன்ஹேலரைக் குளியலறைக்குள் வைத்துத்தான் இழுக்கவேண்டும் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஒரு மகள் விஷயத்தில் உண்மை சொன்னவர் இன்னொரு மகள் விஷயத்திலும் சொல்லவேண்டும், அதுவும் அவர் வாயாலேயே சொல்லவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இதில் என்ன தப்பு?

மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் நாடகத்துக்கு அழைக்கச் சொன்னதும் நான்தான். அப்பாவோடு ஒரே மேசையில் இடம் போட்டேன். அருந்ததிக்கு லேசாக மூச்சு வாங்கும், அப்பா பதறி எழுந்து விஷயத்தைச் சொல்லிவிடுவார், நான் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன்.

அந்தக் காலத்துக் கவுனுக்கு அடியில் இறுக்கமான கச்சு ஒன்று உண்டு. முதுகில் கயிறு கோத்து இழுத்துக் கட்டவேண்டும்.

“அக்கா, கொஞ்சம் தளர்த்தேன். மூச்சு முட்டுது.”

“அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான் கட்டினாங்க. ஆடாம நில்லு.”

“என் இன்ஹேலர்?”

“என் ஹேண்ட்பேக்ல இருக்கு. மாப்பிள்ளை வீடு வந்திருக்கு, வெளியே காட்டாதே.”

தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். “நல்லா இருக்கேனாக்கா?” என்று கேட்டாள். உண்மையிலேயே அழகாக இருந்தாள். அதையும் சொன்னேன்.

சூப் பரிமாறி முடிந்ததும் இரண்டாம் காட்சி. ஒரு கடிதம் வரும், அதைப் படித்துவிட்டு அவள் சோபாவில் மயங்கி விழவேண்டும். அருந்ததி கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே விழுந்தாள். சனங்கள் கைதட்டினார்கள். “என்னமா நடிக்குது பிள்ளை!” என்று யோகம்மா சொன்னது எனக்குக் கேட்டது. சமையல்காரராக நடித்தவர் தன் வசனத்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் உதட்டு நிறம் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பக்கத்துக் கதவருகில் நின்றேன். பை என் தோளில் இருந்தது.

அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மடியில் இருந்த துணி கீழே விழுந்தது. யோகம்மாவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். “தம்பி, என் பிள்ளைக்கு...” என்று ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. என் வலிப்பைப் பற்றி மூன்று வீட்டாரிடம் சொன்னபோது அந்தக் குரல் நடுங்கவில்லை, ஐயா.

நான் நேரே போய் அவர் தோளில் கை வைத்தேன். காதருகில் குனிந்து, “நடிப்புப்பா. இப்பத்தான் இன்ஹேலர் இழுத்தா. உட்காருங்க,” என்றேன். என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பிள்ளை நடிப்பைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று பக்கத்து மேசையில் சிரித்தார்கள். காட்சி முடியப் பத்து நிமிடம் ஆனது. வான்கோழி வந்தது. மாப்பிள்ளைக்கு நான்தான் எடுத்து வைத்தேன். காட்சி முடிந்து அவளை எழுப்பப் போனபோது மூச்சு நின்றிருந்தது.

அப்பா உண்மையைச் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்தேன் என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொன்னேன். அவர் சொல்லத்தான் எழுந்தார். என்னைக் கெடுத்த உண்மை அவளைப் பிழைக்கவைக்கப் போகிறது என்று தெரிந்ததும், உட்கார வைத்துவிட்டேன்.