கண்ணாடி அறையின் ஈரம்

நிலாணி, நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டில் பெரிய குறை ஒன்றுமில்லை. அடுப்பின் பின்பக்க வளையம் சூடேறக் கொஞ்சம் நேரமெடுக்கும். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். இவற்றை ஒரு துண்டில் எழுதி, சாவியோடு வைத்துவிட்டு அஜக்ஸில் எங்கள் புது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வீடு பார்க்க வந்த அன்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள்.

"அன்ரி, உந்தக் கண்ணாடி அறைக்குள்ள ஈரம் ஏதும் பிடிக்குமோ? எங்கட மாமி செடி வளர்க்கிறவ. அவவுக்கு அந்த அறையைக் குடுப்பமெண்டு நினைக்கிறம்."

என் கணவர் இரத்தினவேல் முந்திக்கொண்டார். "முந்தி இருந்தது தங்கச்சி. என்ர அக்கா மறதியில கண்டபடி தண்ணி ஊத்துவா. இப்ப அவ வயசுபோன ஆக்களின்ர ஹோமில. ஈரமும் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் எனக்குத்தான் தெரியும். உங்கள் மாமி அந்த அறைக்கு வரப்போகிறார் என்பதால் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

என் கணவரின் அக்கா அருள்மலர் மச்சாள் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் இருபத்தெட்டு வருடம் கிளாக்காக இருந்தவர். கல்யாணம் செய்யாமல் தம்பியைப் படிப்பித்து ஆளாக்கினார். தொண்ணூற்று மூன்றில், அறுபது வயதில், நாங்கள் ஸ்பொன்சர் செய்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தார். அப்போது டோர்செட் பார்க் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஆறு மாதத்துக்குள் அந்தக் கட்டடத்துச் சனம் முழுவதும் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வரத் தொடங்கியது. எல்லாருக்கும் ஃபோம் நிரப்பிக் கொடுப்பார். யாருடைய பிள்ளை எந்தத் திகதியில் பிறந்தது, யார் எந்த நாளில் வந்திறங்கியது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் என்மேல் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அன்பாகவே திருத்துவார். ஒரு பிறந்தநாள் விழாவில், நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது கொழும்பில் மூன்று நாள் ஒளித்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மச்சாள் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "இல்லை யோகா, ஒரு நாள்தானே. ஞாயிறு போய்த் திங்கள் பிளேன் ஏறினனீர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவர் ஒருதரமாவது பிழைவிட வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் இந்த வீட்டை வாங்கினோம். பின்பக்கக் கண்ணாடி அறை முந்தி இருந்தவர்கள் ஒட்டிக் கட்டியது. மச்சாள் அதில் கறிவேப்பிலை, மல்லிகை, இரண்டு முருங்கைக் கன்று எல்லாம் வைத்தார். கட்டிலையும் அங்கேயே போட்டுக்கொண்டார். குளிர் தொடங்கியதும் கண்ணாடி வியர்த்தது. தண்ணீர் வழிந்து கம்பளம் நனைந்தது. சுவரோரம் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. கூரை ஒழுகவில்லை; குழாய் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. இரத்தினவேல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் செடிகளைக் காட்டினார்.

"நான் கிழமைக்கு ரெண்டு தரம்தானே ஊத்திறனான். அதுவும் அரைப் பேணி" என்றார் மச்சாள். அதை நிரூபிக்க, தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரைச் செடிகளுக்கு மேலே மாட்டி, தண்ணீர் ஊற்றும் நாளில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போடத் தொடங்கினார்.

தொண்ணூற்றாறு தை மாதத்தில் ஒருநாள், காதிலிருந்து கழன்று விழுந்த தோட்டைத் தேடிச் செடிகள் வைத்திருந்த வாங்குப் பலகைக்குப் பின்னால் கையை விட்டேன். கையில் இளஞ்சூடான ஈரக்காற்று பட்டது. என் உடுப்புச் சவர்க்கார வாசனையும் சேர்ந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். பழைய செங்கல் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம். வாயெல்லாம் பஞ்சுத் தூசி. கீழே நிலவறையில் உடுப்பு உலர்த்தும் என் ட்ரையர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்றுப்போக்கி முந்தி முற்றத்துக்குப் போயிருக்கிறது. அதை மாற்றாமல் அதன்மேல் கண்ணாடி அறையைக் கட்டிவிட்டார்கள். எங்கள் உடுப்பிலிருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகி மச்சாளின் அறைக்குள்தான் வந்துகொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் இரத்தினவேல், "அக்கா, இண்டைக்கும் கம்பளம் ஊறிப்போய்க் கிடக்கு. திரும்பவும் ஊத்திப்போட்டியளே?" என்றார். மச்சாள் சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். "ஊத்தேல்லை எண்டுதான் நினைக்கிறன்" என்றார். பிறகு, "சிலவேளை மறந்துபோய் ஊத்தினனோ தெரியாது."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் துவாரத்துக்கு முன்னால் மல்லிகைச் சாடியை நகர்த்தி வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் நான் அந்த அறையில் ஊற்றவில்லை. உடுப்பு உலர்த்தினேன், அவ்வளவுதான். ஊத்தையில்லாத துவாய்களையும் போர்வைகளையும் கூடச் சில நாட்களில் தோய்த்து உலர்த்தினேன். வீடு சுத்தமாக இருந்தது.

கலண்டர் மட்டும் இடைஞ்சலாக இருந்தது. ஒரு புதன்கிழமை, மச்சாள் குளிக்கப் போன நேரம், அவருடைய பென்சிலை எடுத்து ஒரு புள்ளடி போட்டேன். கோணலாகப் போடுவது அவர் வழக்கம். நானும் கோணலாகவே போட்டேன். அவர் வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பை நான் கதவருகே நின்று பார்த்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "யோகா, உது நான் போட்டதோ?" என்று கேட்டார். "வேற ஆர் மச்சாள் போடுறது?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கோடையில் கதவைத் திறந்துவிட்டோம். அறை காய்ந்தது. மச்சாளும் தெளிந்தார். குளிர் வந்ததும் கண்ணாடி வியர்த்தது, புள்ளடிகளும் வந்தன. பல வருடம் இப்படியே போனது. அவர் ஃபோம் நிரப்புவதை நிறுத்தினார். "பிழையா எழுதிப்போட்டன் எண்டால் அந்தச் சனத்தின்ர வாழ்க்கையெல்லோ" என்று வந்தவர்களைத் திருப்பியனுப்பினார். தனியாக பஸ் ஏறமாட்டார். வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டொக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு நித்திரையும் தள்ளாட்டமும் வந்தன. கடைசியில், பயத்தில் தண்ணீர் ஊற்றுவதையே விட்டுவிட்டார். கண்ணாடியெல்லாம் ஈரம் வழிந்த அந்த அறையில் கறிவேப்பிலை தண்ணீரில்லாமல் காய்ந்து செத்தது. அப்போதும் கம்பளம் நனைந்துதான் இருந்தது. அதைப் பார்த்தாவது யாரும் யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. அவரே யோசிக்கவில்லை. போன வருடம் ஐப்பசியில் இரத்தினவேல் அழுதழுது அவரை ஹோமில் கொண்டுபோய் விட்டார்.

வீட்டை விற்குமுன் ஈரத்துக்குக் காரணம் பார்க்கும்படி வீட்டுத் தரகர் சொன்னதால், இந்த வசந்தத்தில் வீடு திருத்துகிற றொபேட் என்ற ஒருவரைக் கூப்பிட்டோம். இரத்தினவேல் வேலைக்குப் போயிருந்தார். றொபேட் கருவி ஒன்றைச் சுவரில் அங்குமிங்கும் வைத்துப் பார்த்தார். மல்லிகைச் சாடியை நகர்த்தினார். ட்ரையரை ஓடவிடச் சொன்னார். எல்லாம் பத்து நிமிடம். இத்தனை வருடமாக ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று சிரித்தார். இல்லை என்றேன். ஒரு குழாயைப் பொருத்திக் காற்றை வெளியே விட்டார். இரத்தினவேலிடம், பழைய ஈரம்தான், இனி வராது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நிலாணி, உங்கள் மாமி தாராளமாகச் செடி வைக்கலாம். குழாய் வாயை மட்டும் வருடத்துக்கு ஒருதரம் துப்புரவு செய்யுங்கள். இந்தக் கடிதத்தை என் கணவரிடம் காட்டுவது உங்கள் விருப்பம். நான் தடுக்கமாட்டேன். எனக்கு அந்த ட்ரையரைத் தொடவே இப்போது முடிவதில்லை. உடுப்பை நிலவறையில் கொடி கட்டிக் காயவிடுகிறேன்.

நான் கெட்டவள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறாமல் சோறும் கறியும் கட்டிக்கொண்டு மச்சாளைப் பார்க்கப் போகிறேன். அவர் அறையில் ஒரு செடிகூட இல்லை. இருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"யோகா, நான் இண்டைக்குத் தண்ணி ஊத்திட்டனோ?"

"ஊத்திட்டியள் மச்சாள்" என்பேன். "ரெண்டு தரம்."

இத்தனை வருடம் கழித்து வேறு பதில் சொல்லி, பாவம், அவரைக் குழப்ப எனக்கு மனம் வருவதில்லை.