நியாயம்தானா என்று கேட்டார்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் வெட்டுப் பிரிவு அண்ணன் அவர்களே! ஊசி பிடித்துப் பிடித்தே விரல் காய்த்துப்போன பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மருட்சியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் கைகட்டி நின்று, யார் கைதட்டுகிறார்கள் என்று கவனிக்கும் மேற்பார்வையாளர் அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம்.

மேசை மறைக்கிறது; இல்லாவிட்டால் என் கால் நடுங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னம்மா? மெதுவாகப் பேசவா? மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகப் பேசு என்றால் எப்படி?

நம் கம்பெனிக்கு மூன்று நாடுகளில் தையல் கூடங்கள். ஒரே சட்டை, ஒரே காலர், ஒரே பொத்தான். போன மாதம் மூன்று இடத்திலும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "உங்கள் வருமானம் நியாயமானதா?" நம்மைவிடப் பல மடங்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் "அநியாயம்" என்றார்கள். நம்மைவிடக் குறைவாக வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் "நியாயம்" என்றார்கள். நாம்? ஒருத்தியைத் தவிர அத்தனை பேரும் "நியாயம்"! மூன்றிலும் மகிழ்ச்சியான கூடம் நம்முடையதுதான் என்று மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

நம் மெக்கானிக் அந்த இரண்டு நாடுகளுக்கும் போய்வந்தவர். பணக்கார நாட்டில் ஒருவர் தேநீர் வேளையில் தன் சம்பளத்தை உரக்கச் சொல்லி, "மாடியில உக்காந்திருக்கிறவருக்கு எவ்வளவு? அதையும் சொல்லுங்க!" என்று மேலாளரிடமே கேட்டாராம். பயத்தில் நம் மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டதாம். சிரிக்காதீர்கள், நமக்கும் ஏறியிருக்கும்! ஏழை நாட்டில் ஓர் அக்கா, "எங்கம்மா வெயில்ல கல்லு சுமந்தாங்க. நான் ஃபேனுக்கு அடியில உக்காந்து தைக்கிறேன். வேற என்ன வேணும்?" என்றாராம். அவர் மாடியைப் பார்த்தார். இவர் நேற்றைப் பார்த்தார். நாம் எதைப் பார்த்தோம்? வாசலைப் பார்த்தோம்! நம் இடம் எப்போது காலியாகும் என்று அங்கே காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தோம்.

பக்கத்து மெஷின்காரி சம்பளம் கேட்டாலே "ஏதோ வண்டி ஓடுது" என்று மழுப்புவது நம் வழக்கம். கேள்வி கேட்க வந்தவரிடமும் அதையேதானே சொன்னோம்? பின்னால் மேற்பார்வையாளர் நிற்க, "ஏதோ ஓடுதும்மா" என்றோம். கேட்க வந்தவர் அதை "நியாயம்" என்று குறித்துக்கொண்டார்.

என் நாத்தனார் மட்டும், "இல்லைங்க. என் பக்கத்துல அதே காலர் தைக்கிற ஆம்பளைக்கு என்னைவிடக் கூடுதல். இது எப்படிங்க நியாயம்?" என்றாள். அவள் பக்கத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். நாளை காலை அவளுக்கு விசாரணை. "எல்லாருக்கும் நியாயமா இருக்கிறது உனக்கு மட்டும் ஏன் இல்லை? யார் தூண்டிவிட்டது?" இதுதான் குற்றச்சாட்டு. யார் அதற்குச் சாட்சி? நாம்! நம் வாய் சாட்சி, நம் அச்சம் சாட்சி, நாம் தின்ற மிட்டாய் சாட்சி! புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவளின் வேலை நம் சொல்லாலேயே போகப்போகிறது.

நேற்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, நான் ஒருத்தி மட்டும்தான் அப்படி நினைச்சேனா?"

அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். அவள் ஒருத்தி மட்டும்தானா? இல்லை என்பவர்கள் கை தூக்குங்கள்.

யாருமில்லையா? ஆமாம், கதவோரத்தில் பார்க்கிறார். எனக்கும் பயம்தான். நாளை விசாரணை அறைக்கு என்னையும் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் நிற்கிறேன்.

என் இடக்கை மேசையைப் பிடித்திருக்கிறது. விட்டால் விழுந்துவிடுவேன். மைக் பிடித்த கையைத்தான் தூக்க வேண்டும். தூக்கினால் பேச்சு கேட்காது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தவர்களுக்கு நன்றி. பயந்தும் எழுந்து போகாதவர்களுக்குப் பெருநன்றி. அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் தலைகுனிந்து இருப்பவளே, நிமிர்ந்து பார். நீ ஒருத்தி மட்டுமில்லை. இதோ, என் கை.